மணல் முதல் முதலீடு வரை: நாட்டின் உள்கட்டமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுமானத் தளத்தில் கான்கிரீட் தரம் பார்க்கும் வேலையில் தொடங்கி, பிறகு ஒப்பந்தங்களைப் படிக்கும் மேசைக்கு வந்து சேர்ந்தவன் நான். என் தொழில் தெரிந்ததும் எதிரில் இருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். மணலைப் பற்றிக் கேட்பவர் முதலீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. முதலீட்டைப் பற்றிப் பேசுபவருக்கு மணலில் அக்கறை இருப்பதில்லை. இரண்டும் ஒரே பாலத்துக்குள்தான் இருக்கின்றன என்பதால் சேர்த்தே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

உள்கட்டமைப்பு என்றால் சாலையும் பாலமும்தானே? அதற்கு ஏன் இவ்வளவு பெரிய வார்த்தை?

குடிநீர்க் குழாய், கழிவுநீர்ச் சாக்கடை, மின்கோபுரம், ரயில் பாதை, துறைமுகம், அணை, தரைக்கடியில் ஓடும் இணையக் கேபிள் எல்லாமே இதில் அடங்கும். ஒருநாள் நின்றால் மற்ற எல்லா வேலைகளும் நின்றுபோகும் என்று எதைச் சொல்ல முடியுமோ அது உள்கட்டமைப்பு.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு. பணம் முழுவதையும் முதலிலேயே கேட்கும். பலனை ஐம்பது, நூறு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். போடுபவர் ஒரு தலைமுறை, அனுபவிப்பவர் இன்னொரு தலைமுறை. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

கடலிலும் பாலைவனத்திலும் மணல் கொட்டிக் கிடக்கிறது. பிறகு மணல் பற்றாக்குறை என்று ஏன் சொல்கிறார்கள்?

மணல் எல்லாம் ஒரே மணல் இல்லை. பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது, மாவுபோல நைசானதும்கூட. கான்கிரீட்டில் மணலின் வேலை ஜல்லிகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளை நிரப்பி இறுக்குவது. வழவழப்பான உருண்டை மணி அதைச் சரியாகச் செய்வதில்லை. கடல் மணலில் உப்பு இருக்கிறது. நன்றாகக் கழுவாமல் போட்டால் உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும். அதனால் எல்லோரும் ஆற்றையே தேடிப் போகிறார்கள்.

உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கு. மலைப்பாறை உடைந்து, உருண்டு, ஆற்றின் வழியே கீழே வந்து சேர ஆகும் காலத்தை இந்த வேகம் எப்போதோ தாண்டிவிட்டது.

இதன் விலையைப் பாலங்களே கொடுக்கின்றன. மணல் அள்ள அள்ள ஆற்றுப் படுகை இறங்கும். படுகை இறங்கினால் தூணின் அடித்தளத்தைச் சுற்றியிருந்த பிடிமானம் போய்விடும். போர்ச்சுகலில் டோரோ ஆற்றின் குறுக்கே இருந்த ஹின்ட்ஸ் ரிபெய்ரோ பாலம் 2001 மார்ச் 4 இரவு இடிந்ததில், ஒரு பேருந்திலும் சில கார்களிலும் இருந்த 59 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகளாக அங்கே மணல் அள்ளியது முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஒரு பாலம் கட்ட இன்னொரு பாலத்தின் காலடியைத் தோண்டுகிறோம் என்பதை அன்று முதல் என்னால் மறக்க முடிந்ததில்லை.

அப்படியென்றால் எம்-சாண்டை நம்பலாமா?

நம்பலாம், அது உண்மையில் எம்-சாண்டாக இருந்தால். பாறையை உடைத்து, மணியின் வடிவத்தைச் சீராக்கி, தூசியைக் கழுவி எடுத்ததுதான் எம்-சாண்ட். ஜல்லி உடைக்கும்போது அடியில் விழும் கிரஷர் தூசி அது இல்லை. இரண்டும் ஒரே நிறத்தில் இருப்பதால் லாரியில் ஏறியதும் பெயர் மாறிவிடுகிறது.

நான் எப்போதும் செய்து பார்க்கும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒரு கண்ணாடிக் குடுவையில் பாதி வரை மணலும் முக்கால் வரை தண்ணீரும் விட்டு, வாயை மூடி நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிட வேண்டும். கனமான மணி உடனே அடியில் உட்காரும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதன்மேல் மெழுகுபோல ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். அதுதான் தூசியும் களிமண்ணும். அது கோடுபோல இருந்தால் பரவாயில்லை. விரல் தடிமனுக்கு இருந்தால் அந்த லோடை ஆய்வகத்துக்குச் சொல்லாமல் இறக்கக் கூடாது. ஆற்று மணலுக்கும் இதே சோதனைதான்.

சிமென்ட் அதிகமாகப் போட்டால் பலம் அதிகமாகும்தானே?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. பலத்தை முடிவு செய்வது சிமென்ட் மூட்டைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, அந்தச் சிமென்ட்டுக்கு எவ்வளவு தண்ணீர் சேர்த்தோம் என்பதுதான். அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ராம்ஸ் 1918ல் இதைச் சோதனைகளால் நிறுவினார். சிமென்ட்டோடு வினைபுரிந்தது போக மிஞ்சும் தண்ணீர், காயும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை விட்டுச் செல்லும். பலம் குறைவது மட்டுமல்ல, பிற்பாடு காற்றும் உப்பும் உள்ளே போகும் வழியும் அதுவே.

தளத்தில் என்ன நடக்கும் தெரியுமா? பிற்பகல் வெயில். கலவை லாரி நெரிசலில் மாட்டித் தாமதமாக வருகிறது. கலவை இறுகத் தொடங்கிவிட்டது; பம்ப் திணறுகிறது; ஆட்கள் களைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ‘கொஞ்சம் தண்ணீர் காட்டினால் ஓடிவிடும்.’ ஓடத்தான் செய்யும். அந்தப் பத்து நொடிகளில் வடிவமைப்பாளரின் பல மாத உழைப்பு கரைந்துவிடும்.

அதைப் பிடிக்கத்தான் ஸ்லம்ப் சோதனை. 30 செ.மீ. உயரமுள்ள இரும்புக் கூம்பு ஒன்று. அதை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை நேராக மேலே உருவிவிட்டு, கலவை எவ்வளவு இறங்கி உட்காருகிறது என்று அளவுகோலால் பார்ப்போம். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்காக ஒரு லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் தளத்தில் யாருக்காவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதிகாரம் இல்லாதவர் கையில் கூம்பு இருந்து பயனில்லை.

ரோமானியர்கள் கட்டியது 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. நம்முடையது ஏன் முப்பது ஆண்டுகளில் விரிசல் விடுகிறது?

ரோம் நகரின் பான்தியன் கோயிலின் கவிமாடம் சுமார் 43 மீட்டர் அகலம். அதற்குள் ஓர் இரும்புக் கம்பிகூட இல்லை. எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை. எடை முழுவதும் அழுத்தமாகவே கீழிறங்கும்படி அமைந்த வளைவு. அழுத்தத்தைக் கான்கிரீட் யுகக்கணக்கில் தாங்கும்.

நமக்குத் தேவை வளைவு இல்லை. லாரி ஓடும் தட்டையான பாலத்தளம், மெலிந்த தூண், நீண்ட உத்தரம் இவையே வேண்டும். இவற்றில் ஒரு பக்கம் இழுபடும். இழுவையைத் தாங்கக் கான்கிரீட்டுக்குத் தெரியாது, அதனால் கம்பி வைக்கிறோம். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிக்கு ஒரு கவசம் தருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல காற்றிலுள்ள கரியமில வாயுவும் கடற்காற்றின் உப்பும் நுண்துளைகள் வழியே இறங்கி அந்தக் கவசத்தை உடைக்கின்றன. துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் கேட்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும்.

இதைத் தள்ளிப்போட, கம்பிக்கு வெளியே மூன்று, நான்கு செ.மீ. கான்கிரீட் மூடுபோர்வை போதும். கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் என்ற சிறு கட்டையை வைத்துத்தான் அந்த இடைவெளியைக் காப்பாற்றுகிறோம். கட்டுமானத்திலேயே மிக மலிவான பொருள் அதுதான். அது நழுவிய இடத்தில்தான் இருபது ஆண்டுகள் கழித்துக் கம்பி பல்லைக் காட்டும்.

துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையே போட்டுவிட்டால் என்ன?

போட்டிருக்கிறார்கள். மெக்சிகோவின் யுகடான் கரையில், ப்ரோக்ரெசோ என்ற ஊரில் 1937க்கும் 1941க்கும் இடையே கட்டிய கடல்துறைக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்தார்கள். அது இன்னும் நிற்கிறது. அருகிலேயே பிற்காலத்தில் சாதாரணக் கம்பியில் கட்டிய துறையிலோ இன்று கடலுக்குள் நிற்கும் சில மிச்சங்கள்தான்.

விலை பல மடங்கு என்பதால் எல்லா இடத்திலும் போட முடியாது. அலை தெறிக்கும் மட்டம், பாலத்தின் விளிம்பு என்று முதலில் கெடப்போகும் பாகங்களில் மட்டும் போட்டால் மொத்தச் செலவு அதிகம் ஏறாது. அப்படிச் செய்யாததற்குப் பொறியியல் காரணத்தைவிடக் கணக்கு எழுதும் முறையே காரணம். இன்றைய செலவு ஒரு துறையின் கணக்கில், நாற்பது ஆண்டு கழித்து வரும் செலவு வேறு யாருடைய கணக்கிலோ விழுகிறது.

சிமென்ட்டால் பூமி சூடாகிறது என்கிறார்கள். மாற்றே இல்லையா?

உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. சூளை சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் எரிகிறது என்பது ஒரு பக்கம். ஆனால் பெரும்பங்கு, ஏறக்குறைய 60 விழுக்காடு, எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது அந்தக் கல்லிலிருந்தே வெளியேறுவது அது. சூரிய ஒளியில் சூளையை எரித்தாலும் அது போகாது.

அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்ப்பது பழகிய வழி. உப்புக் காற்றுக்கும் இது நல்லது. நிலக்கரி நிலையங்கள் மூடப்பட மூடப்படச் சாம்பல் குறையும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து, சூளையில் சுட வேண்டிய பங்கைப் பாதியாகக் குறைக்கும் சிமென்ட்டும் இப்போது வந்திருக்கிறது. களிமண் எங்கும் கிடைக்கும் என்பதால் இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

புதிய சாலை ஏன் ஒரே மழையில் பெயர்ந்துவிடுகிறது?

தாரை மட்டும் குறை சொல்லாதீர்கள். சாலையைக் கெடுப்பது மேலே விழும் மழை இல்லை, போக வழியில்லாமல் தேங்கும் மழை. ஓரக் கால்வாய் அடைத்திருந்தால் தண்ணீர் அடியிலுள்ள மண் அடுக்கை ஊறவைக்கும். ஊறிய மண்மேல் சக்கரம் ஏறும்போது தார் வளைகிறது, வெடிக்கிறது, வெடிப்பு வழியே இன்னும் தண்ணீர் இறங்குகிறது.

இன்னொன்று பாரம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை சாலைகளைப் போட்டு, லாரிகளை ஓட்டியே சோதித்தார்கள். அதில் கிடைத்த விதி இன்றும் வடிவமைப்பில் நிற்கிறது: சேதம், அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். அச்சில் இருமடங்கு பாரம் ஏற்றினால் சேதம் இருமடங்கு இல்லை, சுமார் 16 மடங்கு. பாரம் மீறிய ஒரு லாரி ஆயிரக்கணக்கான கார்கள் செய்யாததைச் செய்துவிடும். எடை மேடையில் கண்டிப்பு இல்லாத நாட்டில் எந்தத் தரத்தில் தார் போட்டாலும் நிற்காது.

பாலம் ‘திடீரென்று’ இடிந்தது என்கிறார்கள். முன்கூட்டியே தெரியாதா?

பெரும்பாலும் தெரியும், தெரியாதபடி ஒளிந்துகொள்ளும் சில உண்டு. நல்ல கான்கிரீட்டைச் சிறு சுத்தியலால் தட்டினால் ‘ணங்’ என்று கெட்டியாக ஒலிக்கும். உள்ளே துரு பிளந்திருந்தால் ‘டொப்’ என்று பானை ஓசை வரும். முதன்முறை அந்த ஓசையைக் கேட்டபோது, வெளியே ஒரு கீறல்கூட இல்லாத உத்தரத்தின் அடியில் நின்றிருந்தேன். உடன் வந்த மூத்தவர் அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று. மாலைக்குள் அந்த உத்தரம் முழுக்க வெள்ளை வட்டங்கள்.

இத்தாலியில் ஜெனோவாவின் மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14ல் இடிந்து 43 பேர் இறந்தார்கள். அதன் இழுவைக் கம்பிகளுக்குமேல் கான்கிரீட் உறை இருந்தது. காப்பாற்றப் போட்ட உறையே கம்பி அரிப்பதைக் கண்ணில் படாமல் மறைத்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2007 ஆகஸ்ட் 1ல் விழுந்த பாலத்தின் கதை வேறு. இணைப்புத் தகடுகள் வரைபடத்திலேயே இருக்க வேண்டிய தடிமனில் பாதிதான்; அன்று பழுதுபார்க்கும் பணிக்காகப் பொருள்களை மேலே குவித்திருந்தார்கள்; 13 பேர் இறந்தார்கள். இரண்டு பாலங்களும் திறக்கப்பட்டது ஒரே ஆண்டில், 1967ல்.

ஜப்பானில் சசாகோ சுரங்கப்பாதையின் மேற்கூரைப் பலகைகள் 2012 டிசம்பர் 2ல் விழுந்து 9 பேர் இறந்தபின், பாலங்களையும் சுரங்கங்களையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று 2014ல் விதி வந்தது. தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்துப் படிவம் நிரப்புவது போதாது என்பது அதன் பொருள்.

பராமரிப்பு இவ்வளவு முக்கியம் என்றால் ஏன் பணம் ஒதுக்குவதில்லை?

திறப்பு விழா இல்லாத செலவு அது. அடைப்பு எடுத்த கால்வாயை யாரும் நாடா வெட்டித் திறப்பதில்லை. ஒதுக்கீட்டை ஓராண்டு குறைத்தால் அந்த ஆண்டு எதுவும் இடியாது. அடுத்த ஆண்டும் இடியாது. அதனால் குறைத்தது சரி என்றே தோன்றும்.

டி சிட்டர் என்பவர் 1984ல் சொன்ன ஐந்தின் விதி எங்கள் தொழிலில் பிரபலம். வடிவமைக்கும்போதும் கட்டும்போதும் ஒரு ரூபாயைச் சரியாகச் செலவிடாவிட்டால், கேடு தொடங்கும் முன் பராமரிக்க ஐந்து ரூபாய், தொடங்கியபின் பழுதுபார்க்க 25, முற்றிய பிறகு 125. துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் வெள்ளை வட்டங்களைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்கமாட்டார்கள்.

குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் கொடுப்பதுதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

பாதி உண்மை. குறைந்த விலை என்ற விதி வந்ததே வேண்டியவருக்கு வேலை கொடுப்பதைத் தடுக்கத்தான். அதை எடுத்துவிட்டால் பழைய நோய் திரும்பும். சிக்கல், மதிப்பீட்டைவிட மிகக் கீழே கேட்பவரைச் சந்தேகிக்காமல் ஏற்பதில் இருக்கிறது. அவர் விட்ட பணத்தை எங்கிருந்தாவது எடுக்கத்தான் வேண்டும். கவர் பிளாக்கிலோ, தண்ணீர்விட்டு ஆறவைக்கும் நாட்களிலோ, நடுவழியில் ‘கூடுதல் வேலை’ என்று அனுப்பும் பில்லிலோ எடுப்பார். தொழில்நுட்பத் தகுதியில் தேறியவர்களின் விலையை மட்டும் பிரித்துப் பார்ப்பதும், கட்டியவரையே பத்தாண்டு பராமரிக்கச் சொல்வதும் இதைவிட நல்ல மருந்து.

எந்தத் திட்டத்தை எடுத்தாலும் மதிப்பீட்டைத் தாண்டுகிறதே, ஏன்?

டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஃப்ளூவ்யெர்க் குழுவினர் 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. சராசரியாக ரயில் திட்டங்கள் 45 விழுக்காடு, பாலங்களும் சுரங்கங்களும் 34, சாலைகள் 20. எழுபது ஆண்டுக் கணக்கைப் பார்த்தும் மதிப்பீடுகள் மேம்பட்டதற்கு அடையாளம் இல்லை. தவறு தற்செயலானது என்றால் சில திட்டங்கள் குறைவாகவும் முடிந்திருக்க வேண்டுமே? அனுமதி கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செலவைக் குறைத்தும் பலனைக் கூட்டியும் எழுதுகிறார்கள் என்பது அவர்களின் முடிவு.

வரைபடம் முடியாமல் மண்வெட்டியை எடுப்பது இன்னொரு காரணம். சிட்னி ஓப்பரா ஹவுஸுக்கு 1959ல் வேலை தொடங்கியபோது கூரையை எப்படிக் கட்டுவது என்றே முடிவாகவில்லை. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மதிப்பீடு 10.2 கோடியில் போய் நின்றது. 1963ல் முடிய வேண்டியது 1973ல் திறந்தது. நிலம் முழுதாகக் கைக்கு வராமல் வேலையைத் தொடங்குவதும் இதே வகைதான். நடுவே ஒரே ஒரு துண்டு நிலத்தின் வழக்கு முடியாமல், இரு பக்கமும் கட்டி முடித்த பாலம் வானத்தைப் பார்த்து நிற்கும். கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அரசிடம் பணம் இல்லை. தனியார் போட்டால் மக்களுக்குச் செலவு இல்லைதானே?

இந்த ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. சாலைக்குப் பணம் தர இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்: அதில் போகிறவர், வரி கட்டுபவர். தனியார் முதலீட்டாளர் மூன்றாமவர் இல்லை. அவர் இன்று முன்பணம் போடுகிறார். பிறகு சுங்கக் கட்டணமாகவோ அரசின் ஆண்டுத் தவணையாகவோ வட்டியோடும் லாபத்தோடும் எடுத்துக்கொள்கிறார். அது அவருடைய உரிமை, அதில் தவறில்லை. இனாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது.

அரசு கடன் வாங்கும் வட்டி, கம்பெனி வாங்கும் வட்டியைவிடப் பொதுவாகக் குறைவு. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் அளவுக்குத் தனியார் விரைவாகவும் சிக்கனமாகவும் கட்டினால்தான் நமக்கு லாபம். பிரிட்டன் 1992ல் தொடங்கிய தனியார் நிதித் திட்டத்தைத் தணிக்கை அலுவலகம் 2018 ஜனவரியில் ஆராய்ந்தபோது, ஒரு பள்ளித் தொகுப்புக்கு அரசே கடன் வாங்கிக் கட்டியிருந்தால் ஆகியிருப்பதைவிடச் சுமார் 40 விழுக்காடு அதிகம் ஆவதாகக் காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் இனி அந்த வகை ஒப்பந்தம் போடுவதில்லை என்று அரசு அறிவித்தது. பிறகு ஏன் அத்தனை ஆண்டுகள் போட்டார்கள்? அந்தக் கடன் பெரும்பாலும் அரசின் கடன் கணக்கில் வராது என்பது ஒரு பெரிய ஈர்ப்பு.

உலகத்தில் ஓய்வூதிய நிதிகளில் எவ்வளவோ பணம் சும்மா கிடக்கிறதே, அது ஏன் வரமாட்டேன் என்கிறது?

சும்மா கிடக்கவில்லை, பயந்து கிடக்கிறது. ஓய்வூதிய நிதிக்கு நீண்டகால, நிலையான வருமானம் வேண்டும். சாலைக்கு நீண்டகாலப் பணம் வேண்டும். பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நிலம், அனுமதி, கட்டுமானம் என்று ஆபத்து அதிகமுள்ள முதல் ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு ரூபாய் வருமானமும் இருக்காது. அந்தக் காலத்தில் வருவது வங்கிக் கடன்தான். வங்கியிடம் இருப்பதோ ஓரிரு ஆண்டு வைப்புப் பணம். அதை இருபது ஆண்டுக்குக் கொடுத்துவிட்டு வங்கியும் திணறுகிறது.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னொரு பொறி. வருமானம் உள்நாட்டு நாணயத்தில், கடன் டாலரில். மகாராஷ்டிராவில் தாபோல் மின்நிலையம் நல்ல பாடம். மின்சார விலையை டாலரோடு கட்டியிருந்தார்கள். ரூபாய் சரியச் சரிய விலை ஏறியது. முதல் கட்டம் 1999ல் ஓடத் தொடங்கி, மாநில மின்வாரியம் 2001ல் வாங்குவதை நிறுத்தியது. நிலையம் நின்றது. நாணய ஆபத்தைத் தாங்கவே முடியாதவர் தலையில் வைத்தால், அவர் கீழே போடத்தான் செய்வார்.

எதிர்பார்த்த அளவு வண்டிகள் வராவிட்டால் நஷ்டம் யாருக்கு?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் ஒப்பந்தமும் சிமென்ட், கம்பிபோல ஒரு கட்டுமானப் பொருள் என்று சொல்லிவருகிறேன். அதிலும் விரிசல் பல ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் முழுக்கத் தனியார் பணத்தில் 1994ல் திறந்தது. கட்டுமானச் செலவு 80 விழுக்காடு கூடியது. ரயில் பயணிகள் கணித்ததில் பாதிகூட வரவில்லை. பங்கு வாங்கிய சாதாரண மக்கள் இழந்தார்கள். மெக்சிகோவில் 1989லிருந்து கொடுத்த சுங்கச் சாலைகளில், கட்டணம் வசூலிக்க மிகக் குறைந்த ஆண்டுகள் கேட்டவருக்கு ஒப்பந்தம் போனது. குறைந்த ஆண்டில் பணத்தை எடுக்கக் கட்டணத்தை ஏற்றினார்கள். லாரிகள் பழைய இலவசச் சாலையிலேயே போயின. 1997ல் 23 சாலைகளை அரசே ஏற்க வேண்டியதாயிற்று. அங்கே நஷ்டம் வரி கட்டுபவருக்கு.

சிலி கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. சாந்தியாகோவிலிருந்து வால்பரைசோ செல்லும் சாலையை 1998ல் ஏலம் விட்டபோது, ‘மொத்தம் எவ்வளவு வசூலானால் போதும்?’ என்று கேட்டார்கள். குறைந்த தொகை கேட்டவருக்குச் சாலை. வண்டிகள் நிறைய வந்தால் ஒப்பந்தம் சீக்கிரம் முடியும், குறைவாக வந்தால் நீளும். ஊகத்தை வைத்துச் சூதாட யாருக்கும் காரணம் இல்லை.

நடத்துகிற கம்பெனியே திவாலாகிவிட்டால் சாலையை மூடிவிடுவார்களா?

ஏற்கெனவே ஓடும் சாலை என்றால் மூடமாட்டார்கள். அமெரிக்காவின் இந்தியானா சுங்கச் சாலையை 2006ல் 75 ஆண்டுக் குத்தகைக்கு, 380 கோடி டாலர் கொடுத்து எடுத்த நிறுவனம் 2014ல் திவாலானது. வண்டிகள் வழக்கம்போல ஓடின. 2015ல் ஓய்வூதிய நிதிகளின் பணத்தை நிர்வகிக்கும் இன்னொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. கட்டிமுடித்த சொத்துக்கு அந்தப் பணம் விரும்பியே வரும் என்பதற்கும் இதுவே சாட்சி.

பாதியில் நிற்கும் வேலை என்றால் கதை கசப்பானது. பிரிட்டனில் கரில்லியன் நிறுவனம் 2018 ஜனவரி 15ல் சரிந்தபோது லிவர்பூலிலும் பர்மிங்ஹாம் அருகிலும் இரண்டு பெரிய மருத்துவமனைகள் அரைகுறையாக நின்றன. முடிக்க ஆண்டுகள் ஆயின. நோயாளிகள் பழைய கட்டடங்களிலேயே காத்திருந்தார்கள்.

இருக்கிற சொத்தைக் குத்தகைக்கு விட்டு மொத்தமாகப் பணம் எடுப்பது புத்திசாலித்தனமா?

அந்தப் பணம் இன்னொரு நிலையான சொத்தாக மாறினால் யோசிக்கலாம். ஓராண்டுப் பற்றாக்குறையை அடைக்கப் போனால் அது பேரக்குழந்தைகளின் வருமானத்தை இன்றே செலவழிப்பது. சிகாகோ தன் வாகன நிறுத்த மீட்டர்களை 2008ல் 75 ஆண்டுக்கு 115 கோடி டாலருக்குக் கொடுத்தது. அவற்றின் மதிப்பைவிடச் சுமார் 97 கோடி டாலர் குறைவாக வாங்கிவிட்டதாக நகரின் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியே அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தார். பணத்தைவிட எனக்கு வருத்தம் தந்தது இன்னொன்று: மீட்டர் உள்ள தெருவை நகரமே மூடினால் நிறுவனத்துக்கு ஈடு தர வேண்டும் என்ற நிபந்தனை. தன் தெருவை மாற்றியமைக்கும் சுதந்திரத்தையும் சேர்த்து நகரம் விற்றிருந்தது.

அப்படியானால் அரசே எல்லாவற்றையும் செய்யட்டுமே?

செய்யலாம், நன்றாகவும் செய்திருக்கிறார்கள். டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம் 2000ல் திறந்தது. இரு அரசுகளுக்கும் சொந்தமான நிறுவனம், அரசு உத்தரவாதத்தோடு குறைந்த வட்டியில் கடன் வாங்கிக் கட்டி, போகிறவர்களிடம் கட்டணம் வாங்கி அடைக்கிறது. தனி நிறுவனத்தின் கணக்குக் கட்டுப்பாடும் அரசின் மலிவு வட்டியும் சேர்ந்த அமைப்பு. ஆனால் இதே உத்தரவாதத்தைத் தேர்தலுக்குத் தேர்தல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் அரசு கொடுத்தால், கடன் அப்படியே வரியில் வந்து விழும்.

முப்பது ஆண்டு முடிந்து கம்பெனி பாலத்தைத் திருப்பித் தரும்போது எந்த நிலையில் தரும்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரே ஒருவர்தான். எல்லோரும் கேட்க வேண்டியது இதுவே. ஒப்பந்தத்தின் கடைசி ஐந்து ஆண்டுகளில் நிறுவனத்துக்குச் செலவு செய்ய எந்தக் காரணமும் இல்லை. போடும் ஒவ்வொரு ரூபாயின் பலனும் அரசுக்குத்தான் போகும். ஒப்படைக்கும்போது எஞ்சியிருக்க வேண்டிய ஆயுள் எத்தனை ஆண்டு, கான்கிரீட்டின் மூடுபோர்வை எவ்வளவு, உப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கலாம், சாலை மேற்பரப்பின் நிலை என்ன என்பதையெல்லாம் எண்களாக எழுதி வைக்காத ஒப்பந்தத்தில், ‘நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்’ என்ற ஒரே வரிதான் இருக்கும். நல்ல நிலை என்றால் என்ன என்று நீதிமன்றத்தில் பத்தாண்டு பேசலாம்.

செய்ய வேண்டியது இது. முடிவுக்கு ஐந்தாறு ஆண்டு முன்பே, நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஆய்வாளர் ஒருவர் பாலம் முழுவதையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க வேண்டும். கண்ட குறைகளைச் சரிசெய்ய ஆகும் தொகையை அன்றைய வசூலிலிருந்தே தனிக் கணக்கில் பிடித்து வைக்க வேண்டும். குறை தீர்ந்தபின்தான் விடுவிக்க வேண்டும். அந்த அறிக்கை எல்லோரும் படிக்கும்படி வெளியில் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. முதல் நாள் வேலைக்கு ஓர் ஏணி, ஒரு சுத்தியல், ஒரு பெட்டி சுண்ணக்கட்டி போதும். வட்டமிடுவதைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லாதபடி அந்த ஆய்வாளரின் சம்பளம் வேறிடத்திலிருந்து வர வேண்டும்.